ஏத்திடலாம் தோழர்

சாரா? இங்கே சார் என்று யாரும் கிடையாது. உள்ளே வாருங்கள். செருப்போடு வரலாம், கீழே விரித்திருப்பது ரப்பர் பாய்தான். அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

கரண்ட் எப்போது வரும் என்றுதானே கேட்க வந்தீர்கள்? இந்த சப்ஸ்டேஷன் வாசலில் வந்து நிற்கிறவர்கள் வேறு எதையும் கேட்டதில்லை. எந்தப் பக்கம் வீடு? புது நகரா? அப்படியானால் தோப்பூர் ஃபீடர். இங்கிருந்து ஊருக்குப் போகிற லைன்களை ஃபீடர் என்போம். அதில் எல்.சி. கொடுத்திருக்கிறேன். லைன் கிளியர். கம்பத்தில் ஏறுகிறவன் இறங்கி வந்து என்னிடம் சொல்கிறவரை நான் கரண்ட் ஏற்ற மாட்டேன் என்று அவனுக்கு நான் கொடுக்கிற வாக்கு அது. எழுத்தில் எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும், எனக்கு அது வாக்கு.

விடியற்காலையில் அடித்த காற்றில் இரண்டு இடத்தில் தென்னை மட்டை விழுந்து கம்பி அறுந்திருக்கிறது. இரண்டு கோஷ்டி போயிருக்கிறது. மாரியம்மன் கோயில் பக்கம் தோழர் உத்திராபதி. ஆற்றங்கரையில் சவரிமுத்து. இரண்டு பேரும் முடிந்தது என்று சொல்லிவிட்டால், இதோ இந்தக் கைப்பிடியைத் திருப்புவேன், உங்கள் வீட்டில் ஃபேன் சுற்றும். அவ்வளவுதான்.

மேஜைமேல் இரண்டு பித்தளை நட்டு இருக்கிறதே, அதைத் தொடாதீர்கள். அதுதான் என் கணக்கு. ஒரு எல்.சி.க்கு ஒரு நட்டு. வேலை முடிந்தது என்று போன் வந்தால் ஒன்று டிராயருக்குள் போகும். மேஜை காலியானால் லைன் காலி. எழுத வேண்டியதையெல்லாம் ஷிப்டு முடியும்போது எழுதிக்கொள்ளலாம். விதிப்படி எல்.சி.க்கு ஒன்றாகப் பலகை மாட்ட வேண்டும் என்பார்கள். 'ஆட்கள் வேலையில் இருக்கிறார்கள்' என்று ஒரு பலகை மாட்டினால் போதாதா? ஆள் ஒருவர் என்றாலும் பத்துப் பேர் என்றாலும் உயிர் உயிர்தானே.

மகளுக்கு வளைகாப்பா? இன்றைக்கேயா? அடடா. தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை, சம்பந்தி வீட்டு வேன் கிளம்பிவிட்டது, சமையல்காரர் கையைப் பிசைகிறார். புரிகிறது. நல்ல காரியம்தான். ஆனால் நீங்களும் நானும் அவசரப்பட்டு நடக்கிற விஷயம் இல்லை இது, தோழர்.

ஆமாம், உங்களையும் தோழர் என்றுதான் கூப்பிடுவேன். தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பெயரா? வேண்டாம், சொல்லாதீர்கள். இந்த அறைக்குள் பெயர் வருவதில்லை.

சிரிக்கிறீர்கள். எல்லோரும் முதலில் சிரிப்பார்கள். வெளியே கேட்டருகில் எங்கள் சங்கத்துக் கொடிக்கம்பம் பார்த்திருப்பீர்கள். அதன் அடியில் இருக்கிற கல்லைப் படித்துப் பாருங்கள். மற்ற ஊர்களில் தலைவர் பெயர், திறந்து வைத்தவர் பெயர், சிமெண்டு கொடுத்தவர் பெயர் எல்லாம் இருக்கும். எங்கள் கல்லில் 'தோழர்கள் நட்டது' என்று மட்டும்தான் இருக்கும். என் யோசனை. இந்தக் கிளைக்கு நான்தான் செயலாளர். மேடையில் பேசிப் பேசி வாய் இப்படிப் பழகிவிட்டது, வீட்டில்கூட இதே பேச்சுதான். என் மனைவி பிள்ளைகளிடம், 'உங்க தோழர் சாப்பிட வராரான்னு கேளு' என்பாள். கேலிதான். ஆனாலும் அந்த வார்த்தையைச் சொல்கிறாளா இல்லையா?

நான் வேலைக்கு வந்த காலத்தில் இங்கே எப்படி இருந்தது தெரியுமா? அதிகாரி எங்களைக் கூப்பிடுவது 'ஏ கம்பம்'. கம்பத்தில் ஏறுகிறவன் கம்பம். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எங்களுக்குள்ளேயே என்ன நடந்தது என்றால், பெரிய தெருவிலிருந்து வந்தவன் நேற்றுச் சேர்ந்தவனாக இருந்தாலும் 'அண்ணே'. காலனியிலிருந்து வந்தவன் தலை நரைத்தவனாக இருந்தாலும் 'வாடா, போடா'. போனில் பெயரைச் சொன்னாலே போதும், அவன் தெருவும் பின்னாலேயே வந்து நிற்கும். பிறகு குரல் மாறிவிடும். நான் என் காதால் கேட்டிருக்கிறேன், இதே போனில்.

செயலாளர் ஆனதும் முதல் வேலையாக ஒரு தீர்மானம் போட்டேன். சங்க உறுப்பினர் யாராக இருந்தாலும் வேலை நேரத்தில் தோழர்தான். போனை எடுத்தால் தோழர், வைத்தால் தோழர். சார் என்று சொன்னால் இருக்கிற அத்தனை பேருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். பெயரைச் சொன்னால் டீயோடு வடையும். முதல் மாதம் டீக்கடைக்காரருக்குக் கொண்டாட்டம். பிறகு பழகிவிட்டது.

காத்தையன் என்று ஒருவன் இருந்தான். காலனி. நல்ல லைன்மேன், கை சுத்தமான வேலை. தீர்மானம் போட்ட மறுநாள், பெரிய தெரு ஃபோர்மேன், நெற்றி நிறைய விபூதி பூசிய மனுஷன், அவனைப் பார்த்து, 'தோழர், அந்த ஏணியைக் கொஞ்சம் பிடிங்க' என்றார். காத்தையன் திரும்பித் தன் பின்னால் பார்த்தான். யாரைக் கூப்பிடுகிறார் என்று. பின்னால் யாருமே இல்லை. அவன் முகம் போன போக்கை நான் பார்த்தேன். அந்த ஒரு முகத்துக்காகவே இந்த வார்த்தையை எந்த நாளும் விடமாட்டேன் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். அதற்கப்புறம் எங்கள் கிளையிலேயே அதிகமாகத் தோழர் சொன்னவன் அவன்தான். நாயைக்கூடத் தோழர் என்று விரட்டுவான்.

இறந்துவிட்டான். போன ஐப்பசியில்.

டீ குடிக்கிறீர்களா? பிளாஸ்கில் இருக்கிறது. குடியுங்கள், இன்னும் நேரமாகும். வானத்தைப் பாருங்கள், வைகாசியில் இப்படி ஒரு கறுப்பு. மதியத்துக்குமேல் மறுபடி அடிக்கும். அதற்குள் அவர்கள் இறங்கிவிட வேண்டும்.

சொல்கிறேன். அன்றும் பகல்தான், ஆனால் மழை இருட்டில் இந்த அறையில் விளக்குப் போட்டு உட்கார்ந்திருந்தேன். இதே தோப்பூர் ஃபீடர். இதே மாதிரி இரண்டு எல்.சி. பள்ளிக்கூடத்துப் பக்கம் சவரிமுத்து. ஆற்றங்கரையில் காத்தையன். மேஜைமேல் இரண்டு நட்டு. என் செல்போனை டூட்டி நேரத்தில் அணைத்து வைத்துவிடுவேன், இல்லாவிட்டால் ஊரே கூப்பிடும். இந்தக் கறுப்புப் போன்தான். பழைய காலத்துப் போன், யார் கூப்பிடுகிறார்கள் என்று காட்டாது. எங்களுக்கு அது தேவையும் இல்லை.

முதல் போன் வந்தது. 'தோழர், முடிஞ்சுது, ஏத்திடலாம்.' சரி தோழர் என்றேன். ஒரு நட்டு உள்ளே போனது. கொஞ்ச நேரம் கழித்து இரண்டாவது போன். 'தோழர், இங்க முடிஞ்சுது, ஏத்திடலாம்.' ஓட்டுமேல் மழை கொட்டுகிற இரைச்சல். சரி தோழர் என்றேன். இரண்டாவது நட்டும் உள்ளே போனது. மேஜை காலி. பலகையைக் கழற்றினேன். கைப்பிடியைத் திருப்பினேன்.

ஒரு கணம் கரண்ட் ஏறி நின்றது. பிறகு லைன் தானாகவே அணைந்து டிரிப் ஆகிவிட்டது. மட்டை ஏதோ இன்னும் கம்பிமேல் கிடக்கிறது, ஒரு தடவை ஏற்றினால் எரிந்து விழுந்துவிடும் என்று நினைத்தேன். மறுபடி ஒரு தடவை திருப்பினேன். வழக்கம் அதுதான்.

காத்தையன் கம்பத்தில் இருந்தான்.

நீங்கள் படித்தவராகத் தெரிகிறீர்கள், நீங்களே சொல்லுங்கள். இரண்டு தோழர்கள் போனார்கள். இரண்டு போன் வந்தது. இதில் நான் செய்தது என்ன? ஒரு போன் வந்ததும் ஏற்றியிருந்தால் கேளுங்கள், தலையைக் கொடுக்கிறேன்.

இருங்கள், போன் அடிக்கிறது.

ம்... சரி தோழர். சரி தோழர்.

பார்த்தீர்களா? ஒன்று முடிந்தது. இதோ, ஒரு நட்டு டிராயருக்குள். உத்திராபதிதான். கோயிலில் மைக் செட் அலறுகிறது, அவர் பேசுகிறதைவிட நாகஸ்வரம்தான் அதிகமாகக் கேட்கிறது. ஊரில் கரண்ட் இல்லாவிட்டால் என்ன, அம்மனுக்கு ஜெனரேட்டர் வைத்திருக்கிறார்கள். இனி ஆற்றங்கரைதான் பாக்கி. வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லுங்கள், பாதி முடிந்துவிட்டது என்று.

எங்கே விட்டேன்? ஆமாம், காத்தையன். பள்ளிக்கூடத்திலிருந்து சவரிமுத்து ஓடிப்போய், அவனே கம்பத்தில் ஏறித் தோளில் போட்டு இறக்கினான். இரண்டு பேரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவன் வீட்டுக் கிறிஸ்துமஸுக்கு இவன் குடும்பம், இவன் வீட்டுப் பொங்கலுக்கு அவன் குடும்பம். அன்று சாயந்திரம் சவரிமுத்து இதே வாசலில் வந்து நின்றான். நனைந்த சட்டை, கை முழுக்கக் கரி. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

'ரெண்டு தடவையும் நான்தான் கூப்புட்டேன் தோழர்' என்றான்.

முதல் தடவை கூப்பிட்டும் கரண்ட் வரவில்லையாம். ஹெட்மாஸ்டர் நச்சரித்தாராம். மழையில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று மறுபடியும் கூப்பிட்டானாம். நான் அவனைச் சமாதானப்படுத்தினேன். மனம் உடைந்திருக்கிறவனுக்கு எல்லாமே தன்னால்தான் நடந்தது என்று தோன்றும். அப்படி இல்லை தோழர், இரண்டாவது கூப்பிட்டது காத்தையன்தான், கூப்பிட்ட பிறகு எதையோ மறந்து மறுபடி ஏறியிருக்கிறான் என்றேன். காத்தையன் குரல் எனக்குத் தெரியாதா, இத்தனை வருஷமாகக் கேட்கிற குரல். மழையில் எல்லாக் குரலும் ஒரே மாதிரிதான் இருக்கும், அது வேறு விஷயம்.

அவன் கேட்டான்: 'அவன் போனு சட்டைப் பையில இருந்துச்சு. சட்டைய கழட்டி வண்டி ஹேண்டில்ல மாட்டிட்டுத்தான் ஏறியிருக்கான். எறங்கவே இல்ல. அவன் எப்புடித் தோழர் கூப்புட்டிருப்பான்?'

இதையெல்லாம் துருவிக்கொண்டிருக்கிற நேரமா அது? நான் சொன்னேன்: நாளைக்கு விசாரணைக்கு வருவார்கள். நீ இரண்டு தடவை கூப்பிட்டேன் என்று வாயைத் திறந்தால் உன்னையும் இழுப்பார்கள், என்னையும் இழுப்பார்கள், கடைசியில் சங்கத்தைக் கெடுப்பார்கள். ஒரு தடவைதான் கூப்பிட்டேன் என்று சொல். அவனைக் காப்பாற்றத்தான் சொன்னேன். அவன் கல்யாணத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவன் நான். அவன் தலையைக் குனிந்துகொண்டு போனான். அப்படியே சொன்னான். எனக்காக இல்லை, சங்கத்துக்காகச் சொன்னான். அப்படித்தான் நான் நினைக்கிறேன்.

விசாரணைக்கு வந்த அதிகாரி என்னைக் கேட்டார், இரண்டாவது பேசியது யார் என்று. தோழர் பேசினார் என்றேன். அவருக்குப் பெயர் இல்லையா என்று கேட்டு, பேனா மூடியை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். எனக்கு வந்ததே கோபம். அந்த வார்த்தை எப்படி வந்தது, அதற்கு முன்னால் எங்களை எப்படிக் கூப்பிட்டார்கள் என்று எழுந்து நின்று பேசினேன். வெளியே ஜன்னலோரம் நின்ற தோழர்கள் கைதட்டினார்கள். கடைசியில் என்ன எழுதினார்கள் தெரியுமா? இறந்தவர் எர்த் ராடு போடாமல் ஏறியிருக்கிறார் என்று எழுதினார்கள். அறுந்த லைனை மண்ணோடு சேர்த்துக் கட்டிவைக்கிற கம்பி அது. அதைப் போட்டிருந்தால், தப்பிக் கரண்ட் வந்தாலும் மண்ணுக்குள் இறங்கிவிடும், ஆளைத் தொடாது. எங்கள் ஆபீசில் இருப்பது ஒரே ஒரு செட். அன்றைக்கு அது சவரிமுத்துவிடம் பள்ளிக்கூடத்தில் இருந்தது. எத்தனை மனு, எத்தனை ஆர்ப்பாட்டம்! இன்றைக்கும் ஒரே செட்தான். அது உத்திராபதி வண்டியில் கோயிலுக்குப் போயிருக்கிறது.

என்னைக் கொஞ்ச நாள் வீட்டில் உட்கார வைத்தார்கள். தோழர்கள் விடவில்லை. கேட்டுக்கு முன்னால் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். திரும்பவும் இதே நாற்காலி. இந்த ஒற்றுமை வேறு எங்கே இருக்கிறது சொல்லுங்கள்.

நான் இல்லாத நாட்களில் பர்வீன் அம்மா பார்த்துக்கொண்டார். இன்னொரு ஷிப்டு ஆபரேட்டர். நம் சங்கம் இல்லை, எந்தச் சங்கமும் இல்லை. அவர் ஷிப்டில் லைனில் இருக்கிறவர்கள் அழுதுவிடுவார்கள். போன் செய்தால் பெயர் என்ன, எந்தக் கம்பம், எத்தனை பேர் ஏறினீர்கள், எத்தனை பேர் இறங்கினீர்கள், நான் சொல்கிறதைத் திருப்பிச் சொல்லுங்கள். தோழர்கள் அந்த ஷிப்டுக்கு 'பாஸ்போர்ட் ஆபீஸ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மட்டை எடுக்கிற நேரத்தைவிட அவருக்குப் பதில் சொல்கிற நேரம் அதிகம் என்பார்கள். அவர் ஷிப்டில் ஒன்றும் நடந்ததில்லைதான். அதற்கென்ன, நடக்கவில்லை. அவ்வளவுதான். சில பேருக்கு ராசி அப்படி.

காத்தையனுக்குக் கொடிக்கம்பத்தடியில் அஞ்சலிக் கூட்டம் வைத்தோம். மாவட்டத்திலிருந்தெல்லாம் வந்தார்கள். ரோடு அடைத்துப்போனது. நான்தான் கோஷம் எடுத்துக் கொடுத்தேன். 'மறைந்த தோழருக்கு!' என்பேன், 'வீரவணக்கம்!' என்று கூட்டம் வாங்கிச் சொல்லும். மறுபடி 'மறைந்த தோழருக்கு!', 'வீரவணக்கம்!'. மூன்றாவது தடவை நான் எடுத்துக் கொடுத்தபோது முன்வரிசையில் உட்கார்ந்திருந்த தமயந்தி எழுந்து நின்றாள். காத்தையன் மனைவி. மைக் பக்கத்தில் இருந்ததால் எல்லோருக்கும் கேட்டுவிட்டது.

'எந்தத் தோழருக்கு?' என்றாள்.

சத்தம் போட்டெல்லாம் கேட்கவில்லை. கடையில் எந்த அரிசி என்று கேட்கிற மாதிரிதான் கேட்டாள். அழுது அழுது பாவம் மூளை கலங்கியிருந்தது. நான் சமாளித்துக்கொண்டு அடுத்த கோஷத்துக்குப் போய்விட்டேன். வாரிசு வேலை வாங்கிக் கொடுத்தோம் அவளுக்கு. எங்கள் சங்கத்தின் வெற்றி அது. இப்போது பிரிவு அலுவலகத்தில் முன் மேஜையில் இருக்கிறாள். நான் போய் வணக்கம் தோழர் என்றால் நிமிர மாட்டாள். காதில் விழாத மாதிரி எழுதிக்கொண்டே இருப்பாள். பர்வீன் அம்மா வந்து 'தமயந்தி' என்றால் உடனே எழுந்துவிடுகிறாள்.

அதையும் விடுங்கள். பெண்பிள்ளை, துக்கம். என் மனக்குறை சவரிமுத்துதான்.

அதற்கப்புறம் அவன் வேலைக்குத் திரும்பிய அன்று எல்.சி. கேட்டுப் போன் செய்தான். எப்படித் தெரியுமா? 'சவரிமுத்து பேசுறேன் சார். தோப்பூர் ஃபீடர், பிள்ளையார் கோயில் கம்பம். ரெண்டு பேரு ஏறப் போறோம் சார்.' சார்! என்னை! கை தவறிப் போனைக் கீழே போட்டுவிட்டேன். முடிந்ததும் கூப்பிட்டான். 'சவரிமுத்து பேசுறேன் சார். ரெண்டு பேரும் எறங்கிட்டோம். திருப்பிச் சொல்லுங்க சார்.' நான் என்ன பள்ளிக்கூடத்துப் பிள்ளையா திருப்பிச் சொல்ல? சரி தோழர் என்று மட்டும் சொன்னேன். அவன் வைக்கவில்லை. 'பேரச் சொல்லித் திருப்பிச் சொல்லுங்க சார்' என்று அப்படியே காத்திருந்தான். நான்தான் வைத்தேன்.

தீர்மானம் தீர்மானம்தானே, எல்லோருக்கும் டீ வாங்கித் தரச் சொன்னேன். வாங்கிக் கொடுத்தான். தட்டில் வைத்து அவனே கொண்டுவந்தான். எனக்கு டம்ளரை நீட்டி, 'எடுத்துக்குங்க சார்' என்றான். மறுநாளும் டீ. அதற்கு மறுநாளும். பெயர் சொன்னதற்கு வடையும். ஏழு மாதமாக அவன் காசில் இந்தக் கிளையே டீ குடிக்கிறது. யாருக்கும் அந்த டீ இப்போது இறங்குவதில்லை, ஆனால் வேண்டாம் என்று சொல்லவும் யாருக்கும் வாய் வரவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கிளைக் கூட்டம். அவன் ஒரு தீர்மானம் கொண்டுவருகிறான். லைன் கிளியர் வாங்கும்போதும் திருப்பும்போதும் பெயரும் கம்ப எண்ணும் சொல்ல வேண்டும், ஆபரேட்டர் திருப்பிச் சொல்ல வேண்டும். அதாவது, என் போனில் பெயர் வர வேண்டும். பெயர் வந்தால் தெரு வரும். தெரு வந்தால் எல்லாம் வரும். இதைச் சொன்னால், 'அவன் செத்ததுக்கு அப்பறமும் தெருவப் பத்தியே பேசுறீங்களே சார்' என்கிறான். எத்தனை பேர் அவன் பக்கம் போய்விட்டார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. உத்திராபதிகூட என்னைப் பார்த்தால் வேட்டியைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொள்கிறார். தோற்றுவிட்டால் நான் செயலாளராக இருந்து என்ன செய்வது? கொடிக்கம்பத்தடியில் இருக்கிற கல்லை என்ன செய்வது?

உங்களிடம் சொன்னால் என்ன, நீங்கள் வெளி ஆள். எனக்குப் பதவி பெரிதில்லை. அவன் ஒரே ஒரு தடவை, பழைய மாதிரி, தோழர் என்று கூப்பிட்டுவிட்டால் போதும். அவன் தீர்மானத்துக்கு முதல் கையை நானே தூக்கிவிடுவேன். சத்தியமாக. ஒவ்வொரு தடவை இந்தப் போன் அடிக்கும்போதும் அவனாக இருக்குமோ, இன்றைக்காவது சொல்லிவிடுவானோ என்று நினைத்துத்தான் எடுக்கிறேன். சிறுபிள்ளைத்தனம்தான். வீட்டில் சொன்னால் சிரிப்பாள்.

இன்றைக்கு அவன் ஏறியிருப்பதும் அதே கம்பம்தான். காத்தையன் கம்பம். வேறு யாரையாவது அனுப்பலாம் என்றார்கள், அவன்தான் பிடிவாதமாகப் போனான். காலையில் எல்.சி. கேட்டபோதும் அதே சார்தான், அதே திருப்பிச் சொல்லுங்கதான். என்ன நேரமாகிறது? இவ்வளவு நேரம் ஆகாதே அந்த வேலைக்கு. அறுந்தது இரண்டு கம்பியோ என்னவோ. காற்று எழும்புகிறது பாருங்கள், அந்தக் காக்கைகள் எல்லாம் இரும்புச் சட்டத்திலிருந்து கிளம்புகின்றன. உங்கள் செல்போன் அடிக்கிறது, எடுங்கள். வேன் பைபாஸ் வந்துவிட்டதா? தண்ணீருக்கு வழி செய்கிறேன் என்று சொல்லுங்கள். இப்போது வந்துவிடும்.

இருங்கள். இதோ.

ம்... சரி தோழர். சரி... சரி தோழர்!

கேட்டீர்களா? 'என்ன தோழர், ஏத்திடலாம்ல?' என்றான். தோழர்! பெயர் சொல்லவில்லை, கம்பம் சொல்லவில்லை, திருப்பிச் சொல்லுங்க என்று நிற்கவில்லை. பழையபடி. ஏழு மாதம் கழித்து! எனக்குத் தெரியும், எத்தனை நாளைக்குத்தான் நெஞ்சில் வைத்துக்கொண்டிருப்பான்? அந்தக் கம்பத்தில் ஏறி இறங்கியதும் மனசு இளகியிருக்கும்.

நாகஸ்வரமா? ஆமாம், கேட்டது. உங்களுக்கு எட்டும் அளவுக்கா கேட்டது? காற்று அந்தப் பக்கமாக அடிக்கிறது, கோயில் மைக் செட் ஆற்றங்கரை வரைக்கும் கேட்கும்.

இதோ, இந்த நட்டும் உள்ளே. மேஜை காலி. கொஞ்சம் நகர்ந்து நில்லுங்கள், பலகையைக் கழற்ற வேண்டும். வீட்டுக்குச் சொல்லுங்கள், மோட்டார் சுவிட்சைப் போட்டு வைக்கட்டும். உங்கள் மகள் அதிர்ஷ்டக்காரி.

என்ன? ஏன் என் கையைப் பிடிக்கிறீர்கள்? அவசரம் என்று வந்து நின்றது நீங்கள்தானே? கூப்பிட்டுக் கேட்பதா? எதை? ஏழு மாதம் கழித்து வாய் நிறையத் தோழர் என்று கூப்பிட்டவனிடம், நீ யார் என்று கேட்கச் சொல்கிறீர்களா?

கையை எடுங்கள், தோழர்.